குசினிக்குக் கீழே குடிநீர்க் குழாய்: ஒரு காணி நிறுவனமும் ஒரு நில அளவையாளரும்

திருகோணமலையில் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கும் நிறுவனம் ஒன்றிடம், பாலையூற்றுப் பக்கம், 15 பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி) வாங்கினேன். அந்த நிறுவனத்துக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம் தருகிறேன். ஒன்று, சொன்ன அகலத்தில் பாதை போட்டுக் கொடுத்ததற்கு. மற்றது, எல்லைக் கற்கள் நில அளவைப் படத்தில் இருந்த இடத்திலேயே இருந்ததற்கு. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யாத நிறுவனங்கள் இருக்கின்றன என்பதால் இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். மற்ற மூன்று நட்சத்திரங்களை ஏன் கையிலேயே வைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பதிவுத் தபாலில் ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் திருப்பி அனுப்பிப் பழகியவள். மூத்தவளுக்கு நாங்கள் இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்தாயிற்று. கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணப் பேச்சு நகராது என்பது இங்கு எல்லோருக்கும் தெரியும். அது சரியா பிழையா என்று என் இளைய மகளே என்னோடு சண்டை பிடிப்பாள். சண்டை முடிந்ததும் குசினி எந்தப் பக்கம் வரவேண்டும் என்றும் அவளே சொல்வாள். அவளுக்காகத்தான் ஓய்வூதியப் பணிக்கொடையையும், வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியதையும் சேர்த்து இந்தக் காணியை வாங்கினோம். பேர்ச் ஒன்று 4 இலட்சம். மொத்தம் 60 இலட்சம்.

விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி மிக நல்ல பேச்சுக்காரர். குளிரூட்டிய வாகனத்தில் கூட்டிக்கொண்டு போனார், செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். போகும் வழியெல்லாம் சீனன்குடா எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய்ச் சேமிப்புத் தாங்கிகளைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். பிரித்தானியர் காலத்துக் குதங்கள் 99 என்பதும், 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 61 குதங்கள் இந்திய எண்ணெய் நிறுவனமும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் சேர்ந்த புதிய கம்பனிக்குப் போனது என்பதும், அதில் நம்முடைய பங்கு 51 வீதம் என்பதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த அபிவிருத்தி வந்தால் இங்கே காணி விலை எங்கேயோ போய்விடுமாம். துறைமுகத்திலிருந்து குதத்துக்குப் போகும் குழாயைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதருக்கு, தான் விற்கும் காணிக்குள்ளால் போகும் குழாயைப் பற்றித் தெரியாமல் போனது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

நான் கேட்காமல் விடவில்லை. "தம்பி, இந்தக் காணிக்குள்ளால் யாருக்காவது பாதை, வாய்க்கால், குழாய், மின்கம்பி போகிற உரிமை ஏதும் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்டேன்.

"ஒன்றுமே இல்லை அன்ரி. எங்கள் சட்டப் பிரிவு 30 வருடத்துக்குத் தோம்பு தேடிப் பார்த்துவிட்டது. உறுதி சுத்தம்." தோம்பு என்பது காணிப் பதிவகத்துப் பதிவேடு, உறுதி என்பது காணிப் பத்திரம்.

"அப்படியானால் அதை எழுதித் தாருங்கள்."

சிரித்தார். முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில், நான் சொல்லச் சொல்ல, 'மேற்படி காணியில் மூன்றாம் ஆட்களுக்கு எவ்வித வழி, வாய்க்கால், குழாய் உரிமையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு நிறுவன முத்திரையும் குத்திக் கொடுத்தார். அருகில் இருந்த என் கணவருக்கு வெட்கமாகிவிட்டது. "பாவம் அந்தப் பிள்ளை" என்றார். அந்தப் பற்றுச்சீட்டு கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும்.

உறுதி முடித்தது அவர்கள் ஒழுங்கு செய்த நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்). கட்டணமும் அவர்களுடைய பொதிக்குள்ளேயே அடக்கம் என்றார்கள். முத்திரைத் தீர்வை மட்டும் நம் கணக்கு: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 60 இலட்சத்துக்கு 2,39,000 ரூபாய் வந்தது. உள்ளூராட்சிச் சபையில் வீட்டுப் படம் சிக்கலில்லாமல் பாஸாகியது. நிலையம் (மனையடி) பார்த்து, நாள் வைத்து, அத்திவாரம் வெட்டத் தொடங்கினோம். அக்கினி மூலையில் குசினி.

அந்தக் குசினி மூலையில்தான் மேசனின் ஆள் ஒருவருடைய அலவாங்கு இரும்பில் பட்டது. மூன்றடி ஆழம் இருக்கும். முதலில் பழைய காலத்துக் குண்டோ என்று எல்லோரும் விலகி நின்றார்கள். திருகோணமலையில் அந்தப் பயம் ஒரு காலமும் முழுதாகப் போகாது. மெதுவாக மண்ணைத் தள்ளிப் பார்த்தால் வார்ப்பிரும்புக் குழாய். வடக்குத் தெற்காக, கிழக்கு எல்லையிலிருந்து பதினான்கு அடி உள்ளே தள்ளி, நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. மேசன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, உள்ளே தண்ணீர் ஓடுகிறது" என்றார். வேலையை அப்படியே நிறுத்திவிட்டோம்.

நகரத்துக்குக் குடிநீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது என்பது ஊருக்குத் தெரிந்த விடயம். வந்த தண்ணீர் வீடு வீடாகப் பிரிய வேண்டும் அல்லவா, அந்தக் கிளைகளில் ஒன்று என் மகளின் அடுப்படிக்குக் கீழே. நீர் வழங்கல் அலுவலகத்தில் போய்ச் சொன்னதும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள், தங்களிடம் இருந்த வரைபடத்தையும் காட்டினார்கள். குழாய்க்கு மேலே கட்டடம் வரக்கூடாது, உடைந்தால் கிண்டித் திருத்த இடம் வேண்டும் என்றார்கள். வேறு பக்கமாகத் திருப்பிப் போடலாமா என்று கேட்டேன். கேட்பவர் செலவில் செய்யலாம், மதிப்பீடு போட்டுத் தருகிறோம் என்றார்கள். அந்த மதிப்பீட்டைப் பார்த்த பிறகு குழாயை நகர்த்துவதைவிட வீட்டை நகர்த்துவது மலிவு என்று என் கணவர் சொன்னார். அவர் சொன்னதில் பகிடி கொஞ்சம்தான்.

நிறுவனத்தில் முதலில் கிடைத்த பதில்: "அது எங்கேயோ கைவிடப்பட்ட பழைய குழாய் அன்ரி, மூடிவிட்டுக் கட்டுங்கள்." தண்ணீர் ஓடுகிறது என்றேன். அடுத்த பதில்: "அப்படியானால் அரசாங்கம் களவாகப் போட்டிருக்கிறது, நீங்கள் அவர்கள் மேல் வழக்குப் போடுங்கள்." மூன்றாவது பதிலாகத் தொலைபேசி எடுக்கவே இல்லை.

இனி நில அளவையாளர். இவருக்கு ஐந்தில் ஐந்து. ஆறு கொடுக்க இடமிருந்தால் கொடுப்பேன். வயதானவர், அலுவலகம் என்று சொல்ல முன் விறாந்தையும் ஒரு பெரிய மரப்பெட்டியும்தான். என் உறுதியை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். எல்லோரும் பெயரையும் தொகையையும் தேடி முதல் பக்கத்தைப் படிக்கிறார்கள், காணியின் கதை, அதன் எல்லையையும் அளவையும் விவரிக்கும் அட்டவணையில்தான் இருக்கிறது என்றார். என் உறுதியின் அட்டவணையில் நிறுவனம் புதிதாகச் செய்த துண்டுப் படத்தின் இலக்கம் மட்டும் இருந்தது. "இதற்கு முந்தியது எங்கே?" என்றார். நிறுவனம் தந்த கோப்பில் 2022ஆம் ஆண்டு உறுதி ஒன்று. கனடாவில் இருக்கும் காணிக்காரி, அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்) மூலம் நிறுவனத்துக்கு விற்றது. "இதற்கு முந்தியது?" 1995ஆம் ஆண்டு நன்கொடை உறுதி, தகப்பன் மகளுக்குக் கொடுத்தது. கோப்பு அத்துடன் முடிந்தது. நிறுவனத்தின் நொத்தாரிசு 30 வருடம் பின்னோக்கிப் போய் நின்றதும் அங்கேதான்.

அவர் நிற்கவில்லை. அந்த 1995 உறுதியின் அட்டவணையில், '1986ஆம் ஆண்டு நில அளவைப் படத்தில் காட்டப்பட்டவாறு' என்று ஒரு வரி இருந்தது. அதில் விரலை வைத்தார். "இந்தப் படத்தை யாராவது பார்த்தார்களா?" யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதன் இலக்கம் இந்தக் கோப்பில் அனாதையாகக் கிடந்திருக்காது.

இந்த ஊரில் பழைய படம் தேடுவது இலேசான காரியம் இல்லை. 83 கலவரம், 90 யுத்தம், பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி என்று ஒவ்வொன்றும் ஆட்களோடு சேர்த்துக் கடதாசிகளையும் கொண்டுபோயிருக்கிறது. அலுமாரியோடு எரிந்த உறுதிகள், இந்தியாவுக்குப் போன படகில் நனைந்த உறுதிகள் பற்றி எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. அந்தப் படத்தை வரைந்தவர் காலமாகிவிட்டார். அவருடைய தொழில் பதிவேடுகளை வாங்கி வைத்திருந்த இன்னொரு நில அளவையாளரை இவர் தேடிப் பிடித்தார். படத்தின் பிரதி வந்தபோது நானும் விறாந்தையில் இருந்தேன். கிழக்கு எல்லையிலிருந்து சற்று உள்ளே, இரண்டு புள்ளிக்கோடுகள். நடுவில் சிறிய எழுத்தில்: குழாய்ப் பாதை ஒதுக்கம், அகலம் 10 அடி.

பிறகு காணிப் பதிவகத்தில் தோம்பைப் பின்னோக்கித் தேடியதில் 1987ஆம் ஆண்டு உறுதியும் கிடைத்தது. அதன் அட்டவணை முடியும் இடத்தில், குழாய் தாழ்க்கவும் பராமரிக்கவும் உள்ள உரிமைக்கு உட்பட்டது என்று ஒரு வரி. எட்டு வருடம் கழித்து நன்கொடை எழுதியவர் அந்த வரியை விட்டுவிட்டார். நிறுவனத்தின் துண்டுப் படமோ புள்ளிக்கோட்டையே விட்டுவிட்டது. அங்கே கோடு வந்தால் ஒரு வரிசைத் துண்டுகளின் விலை இறங்கும். நான் யாருடைய மனதுக்குள்ளும் புகுந்து பார்க்கவில்லை. ஆனால் அந்த வரிசைக்கும் மற்ற வரிசைக்கும் ஒரே விலைதான் போட்டிருந்தார்கள்.

நில அளவையாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். காணியின் முகப்பு 58 அடி, நீளம் 70 அடி. ஒதுக்கம் 10 அடிக்கு 70 அடி, 700 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால் 2.57 பேர்ச். பேர்ச் 4 இலட்சம் படி 10 இலட்சத்து 28 ஆயிரம் ரூபாய் மண்ணுக்குள். அதற்கும் சேர்த்து நான் 41,000 ரூபாய்வரை முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறேன். இதைவிட மோசமான செய்தியை அவர் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார்: ஒதுக்கத்துக்கும் கிழக்கு மதிலுக்கும் இடையே 9 அடி அகலத்தில் ஒரு கீற்று மிஞ்சுகிறது. பேருக்கு அது சுத்தமான காணி. ஆனால் 9 அடியில் என்ன கட்டுவது? வீட்டுக்கு உண்மையில் கிடைப்பது மேற்கே இருக்கும் 39 அடி மட்டும்.

இந்த வேலைக்கு அவர் வாங்கிய கட்டணம், நான் கதவு யன்னல் பூட்டுகளுக்குச் செலவழித்ததைவிடக் குறைவு. அவரிடம் எனக்கு இருக்கும் ஒரே குறை, கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வெளிக்களத்துக்குப் போய்விடுவார். அவருடைய மனைவியிடம்தான் செய்தி சொல்ல வேண்டும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலருக்குத் தப்பான நம்பிக்கை இருக்கிறது. 'என் உறுதியில் அப்படி ஒன்றும் எழுதவில்லையே, பிறகு எப்படி என்னைக் கட்டுப்படுத்தும்?' என்று நானும் வழக்கறிஞரிடம் கேட்டேன். இப்படிப்பட்ட உரிமை காணியோடு போவது, விற்றவரோடு போய்விடாது என்றார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி மீதான உரிமையை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். 1987இல் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பதிவாகாத உறுதி என்றால் 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் பின்னால் வாங்கிப் பதிந்தவரைக் காப்பாற்றும். இது ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. அதையும் விட்டாலும், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் இருக்கிறது. சொந்தக்காரரின் அனுமதியில் தங்காமல் பத்து வருடம் தடையில்லாமல் அனுபவித்தால் உரிமை வந்துவிடும். அந்தக் குழாய் எனக்கு முதல் பேரப்பிள்ளை பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது.

சபையிலிருந்து எடுக்கும் வீதிக்கோட்டுச் சான்றிதழை நம்பித் திருப்திப்படுபவர்களும் உண்டு. அது வீதி அகலிப்புக்கு உங்கள் காணியில் எவ்வளவு போகும் என்பதைத்தான் சொல்லும். மண்ணுக்குக் கீழே இருப்பதை அது சொல்லாது. சொல்ல வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியும் இல்லை.

அப்படியென்றால் யாரைப் பிடிப்பது? குழாய்க்காரரை இல்லை, விற்றவரை. எங்கள் நாட்டில் காணி விற்பனைக்கு அடியில் இருப்பது ரோமன் டச்சுச் சட்டம். விற்பவர் தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்ட சுமைக்கு விலையில் குறைப்புக் கேட்க அதில் வழி இருக்கிறது என்று வழக்கறிஞர் சொன்னார். எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் மேல் வழக்குத் தொடர ஆறு வருட அவகாசம் உண்டு, அவசரப்பட்டுக் குறைந்த தொகைக்குத் தலையாட்டாதீர்கள் என்றும் சொன்னார். அப்போதுதான் பற்றுச்சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "அம்மா, இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை?" என்றார். "நீங்கள் கேட்கவில்லையே" என்றேன்.

வழக்கறிஞர் கடிதம் போனதும் நிறுவனத்தின் குரல் மாறியது. முதலில் குச்சவெளிப் பக்கம் இருக்கும் வேறொரு திட்டத்தில் மாற்றுக் காணி தருவதாகச் சொன்னார்கள். மேலதிகமாகக் கொஞ்சம் கட்டினால் போதுமாம். தவறு அவர்களுடையது, மேலதிகம் என்னுடையது. இந்தக் கணக்குக்கு நான் பதில்கூட எழுதவில்லை. பற்றுச்சீட்டின் இரண்டு பக்கப் பிரதியும் 1986 படத்தின் பிரதியும் பதிவுத் தபாலில் போன பிறகு மேலாளரே கூப்பிட்டார். எழுதிக் கொடுத்த தம்பி இப்போது வேலையில் இல்லையென்று வருத்தத்தோடு சொன்னார். அவர் வேலையில் இல்லாவிட்டாலும் முத்திரை இருக்கிறதே என்றேன்.

முடிவில் 2.57 பேர்ச்சின் விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள், இரண்டு தவணையில். நில அளவைக் கட்டணத்தையும் கொடுத்தார்கள். 9 அடிக் கீற்றுக்கு ஒரு சதமும் இல்லை. வெட்டி மூடிய அத்திவாரத்துக்கும் இல்லை. நிறுவனத்தின் பெயரை எங்கும் சொல்ல மாட்டேன் என்ற வரியோடு ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். இழுத்தடித்து நீதிமன்றம் போயிருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் மகளின் கல்யாண நாளை நீதிமன்றத் தவணைகளுக்கு நடுவே வைக்க எனக்கு மனமில்லை.

வீட்டை மேற்கே தள்ளினோம். நிலையம் மறுபடியும் பார்த்தோம், திருத்திய படத்துக்குச் சபையில் மறுபடியும் அனுமதி எடுத்தோம். மூன்றாவது அறை பின்னுக்குப் போனது. மகளுக்கு அது பிடித்துவிட்டது, வெயில் குறைவாம். ஒதுக்கத்தில் மாமரம், தென்னை எதுவும் வைக்கக்கூடாது, வேர் குழாயைப் பிடிக்கும் என்று நில அளவையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கணவர் பாத்தி கட்டிக் கீரை போட்டிருக்கிறார். பேர்ச் 4 இலட்சம் விலையில் வளரும் கீரை என்பதால் சமைக்கும்போது காம்பையும் வீசுவதில்லை.

பின்வரிசையில் 11ஆம் துண்டை வாங்கியது கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். குழாய் அவர்களுடைய காணியிலும் அதே கோட்டில்தான் போகிறது. அந்தத் தங்கச்சி என் வீட்டு மதிலடியில் நின்று, "அக்கா, எங்கள் உறுதியிலும் ஒன்றும் இல்லையே, அப்படியானால் சரிதானே?" என்றபோது எனக்கு வயிறு கலங்கியது. அவர்கள் கிணறு வெட்ட அடையாளம் போட்டிருந்த இடம் குழாயிலிருந்து கைக்கெட்டும் தூரம். நல்லவேளை, மண்வெட்டி இன்னும் விழவில்லை. நில அளவையாளரின் மனைவியுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன்.

அதே திட்டத்தின் கடைசி வரிசையில் மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறது. அங்கே பார்க்கப் போனவர்களிடம், "கம்பியைப் பிறகு நகர்த்திவிடுவார்கள்" என்று சொல்கிறார்களாம். தனியார் காணிக்கு மேலாகக் கம்பி இழுக்கச் சம்மதம் பெறும் முறையை 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் எழுதி வைத்திருந்தது. அதன்படி, சம்மதம் கிடைக்காவிட்டால் விடயம் பிரதேச செயலாளரிடம் போனது. அப்படிச் சட்டப்படி போன கம்பி, விற்பனைப் பிரிவின் வாக்குக்காக இறங்கி வேறு கம்பத்துக்குப் போகாது. மேலே தெரியும் கம்பிக்கே இவ்வளவு துணிவாகப் பொய் சொல்கிறவர்கள், கண்ணுக்குத் தெரியாத குழாய்க்கு உண்மை சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பது அதிகம்தான்.

காணி வாங்கப் போகிறவர்கள் நிறுவனத்தின் இலவச நொத்தாரிசோடு நின்றுவிடாமல், விற்பவரோடு சம்பந்தமில்லாத நில அளவையாளர் ஒருவருக்குக் காசு கொடுத்து, அட்டவணையில் பெயர் வரும் ஒவ்வொரு பழைய படத்தையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 30 வருடம் என்ற எல்லையில் நிற்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பொய்யானாலும் எழுத்தில் வாங்குங்கள். எனக்குக் காசு திரும்பியது அந்தப் பற்றுச்சீட்டினால்தான்.

இதை எழுதும்போது 15ஆம் துண்டு விற்பனைக்கு இருக்கிறது. குழாய் அதற்குள்ளாலும் போகிறது. போன கிழமை ஒரு இளம் தம்பதி அதைப் பார்க்க வந்திருந்தார்கள், கையில் செவ்விளநீர். நான் கையெழுத்திட்ட தாளில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்றுதான் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டக்கூடாது என்று எங்கும் இல்லை. உள்ளே கூப்பிட்டு, மேசையில் விரித்துக் காட்டி அனுப்பினேன்.